சோசரால் மூடி வைத்த தேத்தண்ணி

உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தெரியாதவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடிக்கத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அவற்றை நான் பிடித்த அளவுக்கு இந்த மொன்றியல் நகரத்தில் வேறு யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு எண்ணூறு, ஆயிரம் என்று பிடித்திருக்கிறேன். எல்லாம் பிறர் சாப்பிட்டு முடித்தவை.

கனடாவுக்கு வந்த புதிதில் மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு கோப்பை கழுவப் போனேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான் தொடங்கினார்கள். பிறகு அவர்கள் சமையலுக்கு, டாக்ஸிக்கு, வீடு விற்பதற்கு என்று ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் அந்தக் கழுவும் தொட்டியடியிலேயே நின்றேன்; இந்தக் கதை நடந்தபோது இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. திறமை இல்லாமல் இல்லை, திறமை கூடிப்போனதுதான் பிழை. (இவனைச் சமையலுக்கு ஏற்றினால் கோப்பையை யார் கழுவுவது என்று முதலாளி கவலைப்பட்டார். அதை நான் பட்டம் கிடைத்த மாதிரி எடுத்துக்கொண்டேன்.) ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தால் அதில் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு நேரம் காயவிட்டார்கள், சண்டைபிடித்துக்கொண்டு சாப்பிட்டார்களா என்பது வரை சொல்லிவிடுவேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

என் மனைவி வசந்திக்கு ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. காலை ஏழு மணிக்குப் போய் மாலையில் வருவாள். எனக்கு வேலை தொடங்குவதே மாலையில்தான். பார்க் மெட்ரோ நிலையத்தில் நான் இறங்குகிற படியில் போகும்போது அவள் ஏறுகிற படியில் வருவாள். நடுவில் இரண்டு பேரும் கை காட்டுவோம். மற்றக் குடும்ப விவகாரங்கள் எல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய துண்டுக் காகிதங்களில் நடந்தன. ‘பருப்பு இருக்கு. சூடாக்கவும்.’ ‘கௌசிக்குத் தடிமன். மருந்து எட்டு மணிக்கு.’ நான் கீழே ‘சரி’ என்று எழுதுவேன். கௌசி எங்கள் ஒரே மகள். அவள் அந்தக் காகிதங்களை ஒரு சப்பாத்துப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறாள். எங்கள் இல்லற வாழ்க்கையை யாராவது ஆராய விரும்பினால் அந்தப் பெட்டி போதும்.

இப்படியே கல்யாணம் கட்டி இருபத்தைந்து வருடம் வந்துவிட்டது. நான் ஒரு ஹோல் எடுத்து நூறு பேருக்குச் சாப்பாடு கொடுக்கலாம் என்றேன். (எத்தனை தட்டு வரும் என்று மனதுக்குள் கணக்கும் போட்டுவிட்டேன்.) வசந்தி வேண்டாம் என்றாள். தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து மெஷினில் தைக்கிற மரியா என்ற போர்த்துக்கீசப் பெண் எப்போதோ ஒரு படம் காட்டியிருக்கிறாள். நகரத்துக்கு வெளியே ஒன்றேகால் மணி நேரம் காரில் போனால் ஒரு சின்ன ஊர். அந்தக் காலத்தில் ஸ்கொட்லாந்துக்காரர் வந்து காடு வெட்டிக் குடியேறிய இடம். அங்கே ஒரு பழைய தேநீர்ச்சாலை. மூன்று தட்டு அடுக்கிய ஒரு தாங்கியில் கீழே சான்ட்விச், நடுவில் ஸ்கோன் என்கிற குட்டிப் பணிஸ், மேலே கேக் என்று மேசைக்கு வரும். வசந்திக்கு அங்கே போகவேண்டும்.

“தேத்தண்ணி குடிக்க ஒண்டேகால் மணித்தியாலம் ஓடோணுமே? அடுப்பில வைச்சா அஞ்சு நிமிசம்,” என்றேன்.

“தேத்தண்ணிக்கில்லை. அங்க ஒரு மேசைக்கு ரெண்டு மணித்தியாலமாம். ஆரும் எழுப்ப மாட்டினமாம். உங்களோட ஒரு விசயம் கதைக்கக் கிடக்கு. திங்கட்கிழமை நான் ஒரு ஆளுக்கு மறுமொழி சொல்லோணும்.”

“அதை இப்ப சொல்லுமன்.”

“இப்ப நீங்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிக்கிறியள்.”

உண்மைதான். ஒரு கால் சப்பாத்துக்குள் போய்விட்டது, மற்றக் கால் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு லீவு நாள், எனக்கு வேலைக்கு நேரம். கௌசி அன்றே தொலைபேசியில் கூப்பிட்டு, சனிக்கிழமை இரண்டரை மணிக்கு இரண்டு பேருக்கு என்று மேசை பதிந்துவிட்டாள்.

சனிக்கிழமை வசந்தி மாம்பழ மஞ்சள் சேலை கட்டினாள். இலையுதிர் காலக் குளிருக்கு மேலே கறுப்புக் கோட்டு. எனக்குக் கௌசி வாங்கித் தந்த சாம்பல் நிறக் கோட்டு சூட்டு. வழியில், “என்ன அந்த விசயம்?” என்று இரண்டு தரம் கேட்டேன். “அங்க போய்ச் சொல்லுறன்,” என்று சொல்லிவிட்டு வெளியே சோளம் வெட்டிய வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுடைய உதடு இலேசாக அசைந்தது. சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது இப்போது விளங்குகிறது. அப்போது, தேவாரம் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

காரை நிறுத்தியதும் என் கால்கள் தாமாகவே கட்டடத்தின் பின்பக்கம் போயின. அங்கே குப்பைத் தொட்டிகளையும் கம்பிக் கதவையும் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் நான் முன்வாசலால் நுழைந்த உணவகங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

“வாசல் இஞ்சால,” என்று வசந்தியின் குரல் முன்பக்கம் இருந்து கேட்டது.

உள்ளே பத்துப் பன்னிரண்டு மேசைகள். சுவரில் கட்டம் போட்ட கம்பளித் துணியும் தாடி வைத்த மனிதர்களின் பழைய படங்களும். கடையின் சொந்தக்காரி ஐரீன் எழுபது வயதைத் தொட்ட அம்மா. பரிமாறுவதற்கு அவருடைய தங்கை. ஐரீன் எங்களை ஜன்னலோர மேசைக்குக் கூட்டிப்போய், இருபத்தைந்தாவது கல்யாண நாள் என்று மகள் சொன்னாளே என்று இரண்டு பேருடைய கையையும் பிடித்து வாழ்த்தினார். வசந்தி வெட்கப்பட்டாள். அவள் ஜன்னல் பக்கம் உட்கார, நான் எதிரே உட்கார்ந்தேன். எனக்கு நேரே குசினிக் கதவு தெரிந்தது. என் அழிவு அந்தக் கதிரையில் தொடங்கியது.

அது இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு. நடுவில் வட்டக் கண்ணாடி. ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் எனக்கு ஒரு துண்டுக் காட்சி கிடைத்தது. நிரம்பிய தொட்டி. அதன்மேல் அடுக்காமல் குவித்த தட்டுகள். கரண்டிகள் ஊறப்போடாமல் கிடந்தன. தொட்டியடியில் ஆளைக் காணவில்லை. (கோப்பை கழுவுகிறவர் அன்று வரவில்லை என்பது எனக்கு ஐரீன் சொல்லாமலே தெரிந்துவிட்டது.) தேநீர் வந்தது. என்னுடைய கப்பின் விளிம்பில் மெல்லிய ஒரு சிவப்புக் கோடு. முன்பு குடித்த பெண்ணின் உதட்டுச் சாயம். மற்றவர்களுக்கு அது அருவருப்பு. எனக்கு அது அவசர உதவிக்கான அழைப்பு.

மூன்று தட்டுத் தாங்கி மேசைக்கு வந்தபோது வசந்தியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. அந்தத் தாங்கியை எப்படிக் கழற்றிக் கழுவுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு ஒரு வெள்ளரிக்காய் சான்ட்விச் எடுத்து வைத்தாள். தனக்கும் ஒன்று எடுத்தாள். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. தேவாலயம் ஒன்றின் முதியோர் கூட்டம். ஊன்றுகோல்களுடன் முப்பது பேர் வரையில் உள்ளே வந்தார்கள். ஐரீனின் முகம் வெளிறியது. கதவு ஆடத் தொடங்கியது.

“இஞ்சேருங்கோ,” என்றாள் வசந்தி. “நான் சொல்ல வந்தது என்னெண்டா, மரியா என்னட்டை ஒரு விசயம் கேட்டவள்…”

குசினிக்குள் ஏதோ தட்டத்தோடு விழுந்து உடைந்தது. ஏழு கப், நான்கு சோசர். சத்தத்தை வைத்தே சொல்வேன்.

நான் எழுந்துவிட்டேன். “ஒரு நிமிசம்,” என்றேன்.

உள்ளே ஐரீன் உடைந்த பீங்கானுக்கு நடுவில் நனைந்த சட்டையுடன் நின்றார். நான் கோட்டைக் கழற்றி ஆணியில் கொளுவினேன். இது என் தொழில், பத்தே நிமிடம் தாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எனக்கு ஏப்ரன் கட்டிவிட்டார். பிறகு நடந்ததை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. கரண்டிகளை ஊறப்போட்டேன். தட்டுகளை அளவுவாரியாகப் பிரித்து, மெஷினுக்குள் தள்ளுகிற றாக்குகளில் அடுக்கினேன். கழுவும் மெஷினின் வடிகட்டியைத் திறந்து, அடைத்துக்கொண்டிருந்த எலுமிச்சை விதைகளை எடுத்தேன். (அந்த விதைகள்தான் தண்ணீரைச் சூடாக விடவில்லை என்று ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினேன்.) அரை மணி நேரத்தில் அந்தக் குசினி மூச்சுவிடத் தொடங்கியது. சுத்தமான கப்புகள் சூட்டோடு வெளியே போயின, அழுக்கான கப்புகள் உள்ளே வந்தன. ஐரீனின் தங்கை என்னைக் கடவுள் அனுப்பியதாகப் பிரெஞ்சில் சொன்னார். வாழ்க்கையில் யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. நான் சட்டைக் கையை இன்னும் மேலே மடித்தேன்.

கதவின் வட்டக் கண்ணாடியால் இரண்டு தரம் வெளியே பார்த்தேன். முதல் தரம் வசந்தி தன் கப்பில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிறகு என் கப்பிலும் ஊற்றினாள். வெளியே போகத்தான் நினைத்தேன். இன்னும் ஒரு றாக் இருந்தது. இரண்டாம் தரம் பார்த்தபோது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசை முதியவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் சேலை நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். அதை அங்கிருந்தே நினைத்தேன், போய்ச் சொல்லவில்லை. இன்னும் ஒரு றாக் இருந்தது.

அதன்பிறகு எத்தனை றாக் போனது என்று தெரியாது. ஒரு மூன்று தட்டுத் தாங்கி உள்ளே வந்தது. ஒவ்வொரு தட்டிலும் சரி பாதி மிச்சம். இரண்டு சான்ட்விச், ஒரு ஸ்கோன், இரண்டு சின்னக் கேக். இந்த வெள்ளைக்காரரின் ஊதாரித்தனத்தைப் பார் என்று தமிழில் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் வழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பிறகு அதனுடன் வந்த தட்டத்தைக் கிட்ட இழுத்தேன். அதில் இரண்டு கப். ஒன்று வெறுமை. மற்றது ஒரு சோசரால் மூடியிருந்தது.

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ லட்சம் கப்பைக் கண்டிருப்பேன். குடிக்க வருகிறவருக்கு ஆறிவிடக்கூடாது என்று கப்பைச் சோசரால் மூடி வைக்கிற வெள்ளைக்காரர் ஒருவரையும் கண்டதில்லை. சோசரைத் தூக்கினேன். உள்ளே தேநீர் நிறைய இருந்தது. ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. விளிம்பில் அந்தச் சிவப்புக் கோடு. என்னுடைய கல்யாண நாள் தேநீர் அது. வழித்துப் போட்டது என்னுடைய பாதி.

ஏப்ரனோடு வெளியே ஓடினேன். வசந்தி கோட்டுப் போட்டுக்கொண்டு மேசையடியில் நின்றாள். எங்கள் இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டது. அங்கே அடுத்ததாகப் பதிந்தவர்களுக்கு மேசை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஏதாவது சொல்வதற்குள் ஐரீன் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். ஒரு படம் எடுக்கவேண்டும் என்றார். தங்கையையும் கூப்பிட்டார். படம் எடுக்க ஆள் வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தார்.

“தாங்கோ, நான் எடுக்கிறன்,” என்றாள் வசந்தி. ஐரீனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நீட்டிய கையைப் பார்த்துப் போனைக் கொடுத்தார்.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு ஒரேயொரு படம்தான் உண்டு. நடுவில் ஏப்ரனுடன் நான். இரண்டு பக்கமும் இரண்டு ஸ்கொட்லாந்து வழி வந்த பெண்மணிகள். மூன்று பேருக்கும் வாய் நிறையச் சிரிப்பு. மனைவி படத்தில் இல்லை.

திரும்பும் வழியில் நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மூடவில்லை. மெஷினில் அடைத்திருந்த விதைகளின் கதையைச் சொன்னேன். சனிக்கிழமைகளில் வந்து வேலை செய்ய முடியுமா என்று ஐரீன் கேட்டதைச் சொன்னேன். கல்யாண நாளுக்குப் போய் வேலை கிடைத்துத் திரும்புகிறவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று சொல்லி நானே சிரித்தேன். பாலத்தை நெருங்கும்போதுதான் நினைவு வந்தது.

“ஏதோ சொல்லோணும் எண்டீர்?”

“அது அங்க இருந்து கதைக்கிற கதை,” என்றாள் வசந்தி.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் முழுவதும் சொல்லவேண்டி வந்தது. கௌசி முதலில் நம்பவில்லை. பிறகு தரையில் குந்தியிருந்து சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு, பிரெஞ்சு, கோபம் மூன்றும் ஒன்றாக வந்தன. “ஒரு நிமிசம்” என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு மணி நேரத்துக்கான அளவு ஆகிவிட்டது. நாங்கள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து டொரொன்டோ போக மூன்று நிமிசம். கௌசியின் பல்கலைக்கழகப் படிப்பு எத்தனையோ ஆயிரம் நிமிசம். அவளுடைய கல்யாணத்தில் மேடையில் பேசிய மாப்பிள்ளை, மாமாவைக் குசினிப் பக்கம் விடவேண்டாம் என்று ஹோல்காரருக்கு எழுத்தில் கொடுத்திருப்பதாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எந்த உணவகத்துக்குப் போனாலும் என்னைக் குசினிக் கதவுக்கு முதுகு காட்டித்தான் உட்கார வைப்பார்கள்.

அத்தோடு இந்தக் கதை நல்ல பகிடியாக முடிந்திருக்கும். ஆனால் அந்தத் தேநீர்ச்சாலைக்குப் போய் இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை வில்லரே பக்கம் நானும் வசந்தியும் நடந்து போனோம். ஒரு கடைக் கண்ணாடிக்குள் இருந்து ஒரு பெண் கை காட்டிக்கொண்டு ஓடிவந்தாள். மரியா. உடுப்புத் திருத்தித் தைக்கிற கடை. உள்ளே இரண்டு மெஷின் போட்டிருந்தது. மரியா வசந்தியைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, அந்த இரண்டாவது மெஷின் உங்கள் மனைவிக்காக வைத்திருந்தது, அவள்தான் வரமாட்டேன் என்றுவிட்டாள் என்று பிரெஞ்சில் சொன்னாள். கூட்டாகக் கடை தொடங்கலாம், திங்கட்கிழமைக்குள் மறுமொழி சொல் என்று கேட்டிருக்கிறாள். இப்போது அந்த மெஷினில் மரியாவின் சித்தி மகள் இருந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

கடையை விட்டு வெளியே வந்து மூலை திரும்பியதும் கேட்டேன்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லத்தானே உங்களை அங்க கூட்டிக்கொண்டு போனனான்.”

“ஞாயிற்றுக்கிழமை எண்டாலும் சொல்லியிருக்கலாமே.”

வசந்தி என் பக்கம் திரும்பினாள். “ரெண்டு மணித்தியாலம் இருந்து கேக்க ஏலாத ஆளை நம்பி எப்பிடி ஒரு கடை துறக்கிறது?”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். முன்பின் தெரியாத ஒருவரின் குசினிக்காகச் சட்டைக் கையை மடித்தவன், தன் பெண்சாதி சொல்ல வந்த இரண்டு வசனத்தைக் கேட்காமல் போனேன். அவளுக்கு ஒரு கடை இருந்திருக்கும். கண்ணாடியில் அவளுடைய பெயரும் இருந்திருக்கும். இன்றைக்கும் அந்தத் தெருவால் போகாமல் சுற்றிப் போகிறேன்.

இப்போது முழங்கால் போய், நான் வேலையை விட்டுவிட்டேன். வசந்தியின் தொழிற்சாலையும் மூடியாகிவிட்டது. கௌசி பகிடிக்கு ஒரு மூன்று தட்டுத் தாங்கி வாங்கித் தந்தாள். அதை நான் பகிடியாக எடுக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டரை மணிக்குத் தேத்தண்ணி போட்டு, கீழே சூசியம், நடுவில் ரோல்ஸ், மேலே கடையில் வாங்கிய கேக் என்று அடுக்கி மேசையில் வைக்கிறேன். போனைத் தூர வைத்துவிட்டு அவளுக்கு எதிரே உட்காருகிறேன். எழும்புவதில்லை. அவளும் நிறையக் கதைக்கிறாள். மேல் வீட்டுக்காரி, பேரப்பிள்ளையின் பல், கோயிலில் யார் என்ன சேலை என்று எல்லாம் கதைக்கிறாள்.

போன சனிக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொல்லிவிட்டேன். “அண்டைக்கு நீர் கேட்டிருந்தால் நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்.”

வசந்தி என்னைப் பார்த்தாள். பிறகு என் கப்பை எடுத்து, நான் பாதி குடித்திருந்ததைப் பார்த்து, அதன்மேல் சோசரைக் கவிழ்த்து மூடினாள். எழுந்தாள்.

“ஒரு நிமிசம்,” என்றாள்.

குசினிக்குள் போய்விட்டாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு தட்டுகள் ஒவ்வொன்றாக அடுக்கப்படுகிற சத்தம். கழுவுகிற முறை பிழை, முதலில் கரண்டிகளை ஊறப்போட்டிருக்க வேண்டும். நான் எழும்பவில்லை. அவள் திரும்பி வரும்வரை அந்த மூடிய கப்பைப் பார்த்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருந்தேன்.